நாமும் நாங்களும்

(இரண்டாம் ஆண்டுத் தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவர் ஒருவர்)

மக்கள் பெற்ற பேறுகளுள் மொழி தலையாயது என்றும், அதனாலன்றோ மக்கள் ஒருவரோடொருவர் கூடி வாழ்கின்றனர் என்றும் அறிஞர் கூறுவர். அக்கூற்றை யாம் மறுப்போம் அல்லோம். ஆயினும் கூட்டுவிக்கும் அம்மொழியே ஒரோவழிப் பிரித்தலும் செய்யும். அங்ஙனம் பிரித்தற்கு வசைச் சொல் வேண்டுவதில்லை. அகராதியில் யாதொரு குற்றமும் இன்றி நிற்கும் எளிய சொல் ஒன்றே போதும். இவ்வுண்மையைச் சென்ற டிசம்பர்த் திங்களில் எம் விடுதித் தாழ்வாரத்தில் யாம் கற்கத் தொடங்கினோம். பிப்ரவரித் திங்களில் வகுப்பறையிலே கற்று முடித்தோம். கற்றதை நம் கல்லூரி மலரின் அன்பர்களுக்கு உரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாம்.

எம் சிறப்பு வகுப்பில் இவ்வாண்டு மொழியியற் பாடத்தின் ஒரு பகுதியாக, ஆங்கிலத்தில் பிராக்மாட்டிக்ஸ் எனப்படும் துறையைப் பயின்றோம். இதனை ஈண்டுச் சூழ்பொருளியல் என்று வழங்குவோம். ஒரு சொல்லுக்கு அகராதி கூறும் பொருள் ஒன்று. அச்சொல்லை இன்னார், இன்னாரிடம், இன்ன இடத்தில், இன்ன வேளையில் கூறியதனால் விளையும் பொருள் மற்றொன்று. இவ்விரண்டாவதனை ஆராய்வதே இத்துறை. அமெரிக்க அறிஞர் சார்லஸ் மாரிஸ் என்பார் 1938-இல் குறிகளைப் பற்றிய ஆராய்ச்சியை மூன்றாகப் பகுத்து, குறிக்கும் குறிக்கும் உள்ள உறவு, குறிக்கும் பொருளுக்கும் உள்ள உறவு, குறிக்கும் அதனை வழங்குவார்க்கும் உள்ள உறவு என்று நிறுத்தி, மூன்றாவதற்கு இப்பெயரைச் சூட்டினார். அதற்கு முன்னரே, 1923-இல், பசிபிக் கடலின் திரோபிரியாந்துத் தீவு மக்களோடு வாழ்ந்து அவர்தம் மொழியைக் கற்ற மலினோவ்ஸ்கி என்பார், அம்மக்களின் மொழியைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ஒன்றும் விளங்காது என்றும், அவர்கள் எந்தச் செயலினிடையே எச்சூழலில் பேசினர் என்பதை அறிந்தாலன்றிப் பொருள் புலப்படாது என்றும் எழுதினார்.

இவற்றையெல்லாம் யாம் ஏட்டில் ஒழுங்காகக் குறித்துக்கொண்டோம். தேர்வுக்கு உதவும் என்பதற்குமேல் அவை எமக்கு யாதும் ஆகவில்லை.

இனி, தாழ்வாரத்து நிகழ்ச்சியைக் கூறுவோம். எம் விடுதியில் எமக்கு அடுத்த அறையில் நண்பர் ஒருவர் உளர். கோவில்பட்டிக்கு அண்மையில் உள்ள சிற்றூரினர்; சைவ நெறிக் குடும்பத்தவர்; பௌதிகம் பயில்பவர். (இங்கு அவரை 'அவர்' என்று எழுதுவது மலரின் மரபு பற்றியே. நேரில் அங்ஙனம் அழைத்திருப்பின் அவர் எம்மைச் சும்மா விட்டிரார்.) முதலாண்டில் விடுதி மாணவர் கிறிஸ்து பிறப்புப் பாடல் பாடிக்கொண்டு ஆசிரியர் இல்லந்தோறும் சென்றபோது அவரும் உடன் வந்தார், தபேலா வாசித்தார். மூங்கிற் சிம்புகளை வளைத்துக் கட்டி, வண்ணத்தாள் ஒட்டி, உள்ளே விளக்கு வைத்து, ஐந்து முனை விண்மீன் செய்வதில் அவரை வெல்வார் எம்முள் ஒருவரும் இலர். எம் கைகள் பசையில் ஊறிக் கிடக்க, அவர் செய்த விண்மீனே வாயிலில் தொங்கியது.

இரண்டாம் ஆண்டில் பாடற் குழுவிற்குச் செயலாளராக எம்மைத் தேர்ந்தெடுத்தனர். பதவி சிறிதாயினும் செருக்கு சிறிதன்று என்பதை ஒளியாது கூறுகின்றோம். டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு மாலை, விடுதிக் காப்பாளர் தாழ்வாரத்து வழியே வந்தவர் எம்மைக் கண்டு, "இவ்வாண்டு கிறிஸ்தவ மாணவர் எத்தனை பேர் இருக்கிறீர்கள்? பாடலுக்கு ஏற்பாடெல்லாம் ஆயிற்றா?" என்று வினவினார். யாம் நிமிர்ந்து நின்று, "பதினான்கு பேர், ஐயா. நாங்கள் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறோம்" என்றோம். காப்பாளர் மகிழ்ந்து சென்றார். அவ்வேளை நண்பர் எமக்குப் பின்னே, கடையில் தாமே வாங்கி வந்த மூங்கிற் சிம்புக் கட்டோடு நின்றார். கட்டை அவர் சுவரோரமாகச் சாய்த்து வைத்துவிட்டுப் போனார். உணவுக்குச் செல்கின்றார் என்று எண்ணினோம்.

பாடற் சுற்று தொடங்கும் நாளில் அவர் அறை வாயிலில் நின்று, "இன்றிரவு பாட வருகிறாயா?" என்று கேட்டோம். "நாளை எனக்குத் தேர்வு இருக்கிறது" என்றார் அவர். "அப்படியா, நன்றாக எழுது" என்று வாழ்த்திவிட்டு யாம் ஓடினோம். தபேலா இல்லாமற் பாடினோம். விண்மீன் ஒன்று கடையிலிருந்து வந்தது; அது நெகிழித்தாளால் ஆயது.

விடுமுறை கழித்து மீண்டபின் நண்பரின் பேச்சில் ஒரு மாற்றம் தோன்றியது. 'நீ' என்று பேசியவர் 'நீங்கள்' என்றார். "சாவியைக் கொடுடா" என்றவர் "சாவி இருக்கிறதா உங்களிடம்?" என்றார். வாட்ஸப்பில் யாம் நீளமாக எழுதியவற்றுக்கெல்லாம் கட்டைவிரற் குறி ஒன்றே விடையாக வந்தது. யாம் என்ன எண்ணினோம் என்று கூற நாணுகின்றோம்: செயலாளர் ஆனபின் எம் மதிப்பு உயர்ந்துவிட்டது என்று எண்ணினோம்!

இஃது இவ்வாறிருக்க, பிப்ரவரித் திங்களில் எம் பேராசிரியர் நன்னூலின் வினா விடைப் பகுதியைப் பாடஞ்சொல்லத் தொடங்கினார். 13-ஆம் நூற்றாண்டினதாகக் கொள்ளப்படும் அந்நூலில் பவணந்தி முனிவர் வினாவை ஆறாகவும் விடையை எட்டாகவும் வகுத்துள்ளார். ஆறு வினாக்களுள் அறிந்தவர் மாணவனைச் சோதிக்க வினவுவதும், அறியாதவர் அறிய வினவுவதும், ஐயமுற்றவர் தெளிய வினவுவதும் மூன்று. ஏனைய மூன்றும் வடிவில் வினாவேயன்றிக் கருத்தில் வினா அல்ல. உணவுக் கூடத்தில் பரிமாறுபவரிடம் "ஊறுகாய் இருக்கிறதா?" என்பது கொள்வதற்கு, "இருக்கிறது" என்று மட்டும் விடை கூறிப் போய்விடும் பரிமாறுபவரை அகராதி குறை கூறாது, பசித்தவர் கூறுவர். ஊரிலிருந்து வந்த தந்தையார் பணப்பையைத் திறந்துகொண்டே "நல்ல செருப்பு இருக்கிறதா?" என்பது கொடுப்பதற்கு. தாயார் "படித்துவிட்டாயா?" என்பது ஏவுதற்கு. வினாச் சொல் ஒன்றே. அதனால் நிகழும் செயல் வேறு.

விடை எட்டனுள் சுட்டிக் காட்டல், மறுத்தல், உடன்படல் ஆகிய மூன்றும் நேர் விடைகள். எஞ்சிய ஐந்தும் வினாவியதற்கு நேரே விடை கூறாமல், விடையைக் கேட்பவர் தாமே உணர்ந்துகொள்ளச் செய்வன. பேராசிரியர் எம்மை நோக்கி, "ஒருவன் 'வருகிறாயா?' என்கிறான். 'வரேன்' என்ற சொல் இல்லாமல் வாராமையை உணர்த்துக" என்றார். வகுப்பில் விடைகள் எழுந்தன. "நீயே போ" என்றார் ஒருவர், அஃது ஏவல். "தொண்டை கட்டியிருக்கிறது" என்றார் மற்றொருவர். அது தமக்கு உற்றதை உரைத்தல். "பனியில் நின்றால் காய்ச்சல் வரும்" என்றார் பிறிதொருவர். அஃது இனி உறுவதைக் கூறல். "வேண்டுமானால் ஞாயிறன்று வருகிறேன்" என்றார் இன்னொருவர், அஃது இனமொழி. யாமும் கை தூக்கி எழுந்து, உறுவது கூறலுக்கு மற்றோர் எடுத்துக்காட்டுத் தருவோம் என்று பெருமிதத்தோடு தொடங்கி, "நாளை எனக்குத் தேர்வு…" என்றோம். அவ்வளவில் எம் நா நின்றது.

மறுநாள் நண்பருக்குத் தேர்வு ஒன்றும் இருந்ததில்லை. அவ்வாரம் முழுவதுமே பௌதிக வகுப்பில் தேர்வு இல்லை. அஃது எமக்கு அன்றே தெரிந்திருக்க வேண்டும். அட்டவணை தாழ்வாரத்துச் சுவரிலேயே தொங்கியது. எம் வினாவுக்கு அவர் தந்தது விடையன்று. விடையை நாடிச் செல்லுமாறு திறந்து வைத்த கதவு. யாமோ அக்கதவிற்கு வாழ்த்துக் கூறிவிட்டு ஓடினோம்.

பேராசிரியர் எம் தடுமாற்றத்தைக் கண்டும் காணாதவராய் மேலே சென்றார். 1967-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பால் கிரைஸ் என்னும் ஆங்கில அறிஞர் ஆற்றிய சொற்பொழிவுகளை விளக்கினார். உரையாடும் இருவர் தம்முள் ஒத்துழைக்கின்றனர் என்பதே கிரைஸ் கண்ட அடிப்படை. வேண்டிய அளவு கூறுதல், மெய்யே கூறுதல், தொடர்புடையதைக் கூறுதல், தெளிவாகக் கூறுதல் என்னும் நான்கு நெறிகளை ஒவ்வொருவரும் மற்றவரிடம் எதிர்பார்க்கின்றனர். ஒருவர் தொடர்பற்ற ஒன்றைக் கூறினாற்போலத் தோன்றினால், 'இவர் தொடர்பின்றிக் கூறார். ஆதலின் கூறாத ஒன்றை உணர்த்துகின்றார்' என்று கேட்பவர் உய்த்துணர்கின்றார். நன்னூலார் விடையின் வகைகளைத் தொகுத்துத் தந்தார். அவ்விடைகளிலிருந்து கேட்பவர் பொருளை எங்ஙனம் சென்றடைகின்றார் என்னும் வழியைக் கிரைஸ் ஆராய்ந்தார். எல்லாம் நம் முன்னோர் அன்றே கூறினர் என்று மார் தட்டுதலும் வேண்டா. யாவும் மேல்நாட்டார் கண்டனவே என்று தலை குனிதலும் வேண்டா என்பது பேராசிரியர் கருத்து.

நம் இலக்கணத்துள் இத்துறைக்கு மிக அணுக்கமானது எது என்று யாம் பின்னர் வினவியபோது, தொல்காப்பியச் செய்யுளியலைக் காட்டினார். அங்குச் செய்யுளின் உறுப்புகள் முப்பத்து நான்கனுள், கூறுபவர், கேட்பவர், களம், காலம் முதலியன எண்ணப்பட்டுள்ளன. 'முன்னம்' என்பதும் அவற்றுள் ஒன்று. இன்ன இடத்தில் இன்ன சொல்லை இன்னார் இன்னாருக்குக் கூறுதல் தகும் என்று அறிந்து கூறச் செய்வது அது. எச்சவியலிலோ இன்னும் நுட்பம் உண்டு. ஒரு பொருளை வேண்டும்போது தாழ்ந்தவர் 'ஈ' என்றும், ஒத்தவர் 'தா' என்றும், உயர்ந்தவர் 'கொடு' என்றும் கூறுவர் என்கிறது அந்நூல். வேண்டப்படும் பொருள் ஒன்றேயாயினும், வேண்டும் சொல் இருவர்தம் உறவைக் காட்டிவிடுகிறது. பெனலோப் பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் என்னும் இருவர் உலகெங்கும் மக்கள் பணிவைப் புலப்படுத்தும் முறைகளை ஆராய்ந்து 1978-இல் வெளியிட்டு, பின் 1987-இல் தனி நூலாக்கிய ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்ட மொழிகள் மூன்று: ஆங்கிலம், மெக்சிகோ நாட்டுத் தெசல்தால், கோயம்புத்தூர்ப் பகுதிச் சிற்றூர் ஒன்றில் வழங்கிய தமிழ். பணிவு மொழி இடைவெளியையும் காட்டும் என்று அதில் படித்தபோது, நண்பர் எமக்கு அளித்த 'நீங்கள்' எத்தகைய பட்டம் என்பது எமக்கு விளங்கிற்று.

ஆயினும் அவர் ஏன் விலகினார் என்பது அப்போதும் விளங்கவில்லை. உய்த்துணர்வுக்கு ஒத்துழைப்பு மட்டும் போதாது. இருவர்க்கும் பொதுவான நினைவும் வேண்டும். அந்நினைவைத் துருவியபோது மூங்கிற் சிம்புக் கட்டு கண்முன் நின்றது. அதனோடு 'நாங்கள்' என்னும் சொல்லும் நின்றது.

தன்மைப் பன்மைக்கு நம் மொழியில் இரு சொற்கள் உள என்பதை அன்பர் அறிவர். கேட்பவரையும் உட்கொள்வது 'நாம்'. கேட்பவரை நீக்குவது 'நாங்கள்'. பழந்தமிழில் நீக்குவது 'யாம்'. 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல் ஐயர் இவ்வேறுபாட்டை விரித்து எழுதியுள்ளார். ஆங்கிலத்திலும் கிரேக்கத்திலும் இவ்வேறுபாடு இல்லை. ஒரு சொல்லே இரண்டிற்கும் நிற்கும். எனவே கிரேக்கத்தினின்று வேதாகமத்தைத் தமிழாக்கினோர் ஒவ்வோரிடத்தும் நின்று தெரிந்தெடுக்க வேண்டியவராயினர். 1715-இல் தரங்கம்பாடியில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்த சீகன்பால்கு ஐயர் முதல் இன்றைய மொழிபெயர்ப்பாளர் வரை ஒருவரும் இத்தெரிவினின்று தப்பியவர் அல்லர். கர்த்தர் கற்பித்த ஜெபத்தில் 'எங்கள்' என்பதே பொருந்தும். பிதாவே கேட்பவராதலின் 'நம்' என்றல் ஆகாது. ஆனால் புயலில் அகப்பட்ட படகில் சீஷர்கள் துயில்கின்ற ஆண்டவரை எழுப்பி, மடிந்துபோவதாக முறையிடுகின்றார்களே, அங்கு மடிபவர் 'நாங்களா', 'நாமா'? ஆண்டவரும் அப்படகிலேயே இருந்தார். கிரேக்கம் இதனைக் கூறாமல் விடலாம். தமிழ் கூறியே தீரவேண்டும். அவரையும் சேர்த்து எண்ணினரா, தங்களை மட்டும் எண்ணினரா என்று சீஷர்களின் உள்ளத்தைத் தமிழ் வினவுகின்றது.

எம்மையும் அது வினவியது. இலக்கணப்படி யாம் பிழை செய்திலோம். கேட்பவர் காப்பாளர், அவரை நீக்கியதால் 'நாங்கள்' என்பதே சரி. அச்சொல் நண்பரை உள்ளிட்டதா, நீக்கியதா என்பதை இலக்கணம் கூறாது. அதனை முன் நின்ற வினாவே கூறியது. 'கிறிஸ்தவ மாணவர் எத்தனை பேர்?' என்பது வினா. 'பதினான்கு' என்பது விடை. அதன்மேல் வந்த 'நாங்கள்' அப்பதினால்வரையன்றி வேறு யாரைக் குறிக்கும்? சிம்புக் கட்டோடு நின்ற பதினைந்தாமவர் அங்ஙனமே கேட்டார். அங்ஙனம் கேட்டது பிழையன்று.

அன்றிரவே அவர் அறைக்குச் சென்றோம். கற்ற கல்வியெல்லாம் துணை வர, "அன்று காப்பாளரிடம் யான் கூறியது நீ எடுத்துக்கொண்ட பொருளில் அன்று" என்று தொடங்கி, சொற்பொருள் வேறு சூழ்பொருள் வேறு என்பதை விளக்க முற்பட்டோம்.

"உன்னிடம் இலக்கணமா கேட்டேன்?" என்றார் அவர். 'உன்னிடம்' என்றது எமக்கு ஆறுதலாயிற்று. ஆனால் அவர் நிறுத்தவில்லை. "சரி, அந்தப் பொருளில் இல்லையென்றால் எந்தப் பொருளில் சொன்னாய்? என்னையும் சேர்த்தா?"

ஆம் என்று கூற நா எழுந்தது. ஆயினும் அது மெய்யன்று. அவரை நீக்க வேண்டும் என்று யாம் எண்ணியதில்லை. சேர்க்க வேண்டும் என்றும் எண்ணியதில்லை. காப்பாளரின் முன் நிமிர்ந்து நிற்பதொன்றே அப்போது எம் உள்ளத்தில் இருந்தது. "உன்னை நினைக்கவே இல்லையடா" என்றோம்.

அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "அதுதான் எனக்கும் கேட்டது" என்றார்.

ஆக்ஸ்போர்டு அறிஞர் ஆஸ்டின் என்பார், சில சொற்கள் செய்தியை அறிவிப்பன அல்ல, தாமே செயலாவன என்று காட்டினார். 1955-இல் அவர் ஆற்றிய சொற்பொழிவுகள் அவர் மறைந்தபின் 1962-இல் நூலாயின. வாக்களித்தல், பெயரிடல், மன்னிப்புக் கேட்டல் ஆகியன அத்தகையன. ஆனால் அச்செயல் நிறைவேறுதற்கு உரியவர், உரிய வேளை, உள்ளத்தின் வாய்மை ஆகியன வேண்டும். கேட்பவர் அதனை ஏற்றுக்கொள்ளவும் வேண்டும். யாம் முதலிற் கூறிய விளக்கம் மன்னிப்பு வேண்டலாக வடிவு கொண்டு வந்த வழக்காடலே. இரண்டாவதாகக் கூறியதில் மன்னிப்பு என்னும் சொல்லே இல்லை. அதனையே அவர் மன்னிப்பாகக் கொண்டார். சற்று நேரத்தில் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு, "வாடா, நாம் போய்த் தேநீர் குடித்து வருவோம்" என்றார். அன்று அவர் கூறிய 'நாம்' என்பதற்குப் பேராசிரியர் உரை எழுத வேண்டுவதில்லை. தேநீருக்குக் காசு கொடுத்தவர் யாம் என்பதையும் உண்மை கருதிக் குறிக்கின்றோம்.

'பிறன் யார்?' என்று நியாயசாஸ்திரி ஒருவன் வினவியபோது, ஆண்டவர் இலக்கணம் கூறினார் அல்லர். ஒரு கதையைக் கூறி, அதன் முடிவில் வினாவையே அவனிடம் திருப்பி வினவினார். வினாவுக்கு வினாவே விடையாதல் நன்னூலார் கண்ட எட்டனுள் ஒன்று. இளமை முதல் ஞாயிறு பள்ளியில் கேட்ட அக்கதையில், விடையை வினவியவனே கூற வேண்டியதாயிற்று என்பதை யாம் இப்போதுதான் கவனித்தோம். எமக்கும் அவ்வாறே ஆயிற்று.

அன்பர்களே, சூழ்பொருளியல் என்பது தேர்வுக்குரிய பகுதியே. மாரிஸ், மலினோவ்ஸ்கி, கிரைஸ், ஆஸ்டின் என்னும் பெயர்களை மறவாது எழுதுவோர்க்கு மதிப்பெண் உண்டு. ஆயின் இத்துறையைக் கற்றவர் ஒருவர் தம்மைச் சூழ நிற்பவரை முன்னினும் நன்றாகக் கேட்கத் தொடங்கவில்லையெனின், அவர் அதனைக் கற்றவர் அல்லர் என்பது எம் துணிபு. இத்துணிபுக்கு ஆண்டு மூப்பும் புலமையும் எம்பால் இல்லை. ஒரு மூங்கிற் சிம்புக் கட்டே சான்று.

வரும் டிசம்பரில் காப்பாளர் அதே தாழ்வாரத்தில் வந்து ஏற்பாடுகளைப் பற்றி வினவுவார். அப்போதும் யாம் "நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், ஐயா" என்றே விடை கூறுவோம். தமிழில் அதற்கு வேறு சொல் இல்லை. ஆனால் அதனைக் கூறுமுன் ஒருமுறை திரும்பி, பின்னே நிற்பவர் யாவர் என்று பார்த்துக்கொள்வோம்.